போர் வந்தால் உரம் ஏறும்: நாலைந்து ஏக்கர் செம்பனைக்கு எந்த வழி?

எங்கோ ஒரு கடலில் கப்பலை அடித்தார்கள் என்று செய்தி வந்த கொஞ்ச நாளிலேயே உரக்கடையில் விலை மாறிவிடுகிறது. அப்புறம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் நாலைந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கிறவர்கள், அதிலும் தோட்டத்து வேலையை விட்டு இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் நிலம் வாங்கினவர்கள், ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, வழக்கம்போல மூட்டைய இறக்கவா, பாதியா கொறைக்கவா, இல்ல இந்த வருஷம் சும்மா விட்டுடவா?" கூடவே, கோழி எரு போட்டால் உரமே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்.

வழக்கமான கலவை உரம், தனித்தனி உரம், குறைப்பது அல்லது நிறுத்துவது, எருவும் வெற்றுக் குலையும் என்று நாலு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழிக்குப் போனாலும் எல்லாச் சத்தையும் ஒரே மாதிரி பாதியாக வெட்டாதீர்கள். போர் வந்தால் எல்லாச் சத்தும் ஒரே அளவில் தட்டுப்படுவதில்லை. நம் மண்ணிலும் எல்லாச் சத்தும் ஒரே அளவில் குறைவாக இல்லை.

## எதை வைத்து அளப்பது

### எந்தச் சத்து எங்கிருந்து வருகிறது

இதுதான் முதல் அளவுகோல், கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நைட்ரஜன் உரம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எரிவாயுவிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. அம்மோனியா செய்யும் செலவில் 70, 80 சதவீதம் வரை எரிவாயுவுக்கே போகிறது, அதனால் எரிவாயுவுக்கு எங்கே இடைஞ்சல் வந்தாலும் யூரியா ஏறும். 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவின் அம்மோனியா உற்பத்தித் திறனில் 70 சதவீதத்துக்கு மேல் நிறுத்தியோ குறைத்தோ வைத்திருந்தார்கள், காரணம் எரிவாயு விலை. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது இஸ்ரேலிலிருந்து போகும் எரிவாயு நின்று எகிப்தில் உர ஆலைகள் மூடின. கடல்வழியாக விற்கப்படும் யூரியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹார்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு ஒரு நல்லது, யூரியாவை மலேசியாவிலேயே செய்கிறார்கள்: கெடாவில் குருண், சரவாக்கில் பிந்துலு, சபாவில் சிப்பித்தாங். அதனால் யூரியா கடையில் அடியோடு இல்லாமல் போகும் பயம் குறைவு. விலை மட்டும் உலகச் சந்தை சொல்வதுதான். 2020-ல் டன் 250 டாலருக்குக் கீழே இருந்த யூரியா 2022 ஏப்ரலில் 900 டாலரைத் தாண்டியது. பக்கத்து மாநிலத்தில் செய்த மூட்டை என்பதற்காக யாரும் நமக்குக் குறைத்துக் கொடுக்கப் போவதில்லை.

பொட்டாஷ் கதை வேறு, அதுதான் நம்மை நிஜமாகக் கடிப்பது. அது சுரங்கத்திலிருந்து வருகிறது. கனடா, ரஷ்யா, பெலாரூஸ் மூன்றும் பெரிய கைகள். உக்ரைன் போருக்கு முன்னால் ரஷ்யாவும் பெலாரூஸும் சேர்ந்து உலக ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் வைத்திருந்தன. பெலாரூஸுக்குக் கடற்கரை கிடையாது, லித்துவேனியாவின் துறைமுகம் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 1-ல் லித்துவேனியா அந்த வழியை மூடியது, அதே மாதம் 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கமே இல்லை, செம்பனையோ மற்ற எல்லாச் சத்தையும்விட பொட்டாஷைத்தான் அதிகம் கேட்கிற மரம்.

பாஸ்பேட்டில் மொரோக்கோவும் சீனாவும் பெரியவர்கள். 2021 கடைசியில் சீனா ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்தது, விலை ஏறியது. ஆனால் செம்பனைக்குப் போடும் பாறை பாஸ்பேட் பல இடங்களில் கிடைக்கிறது, கிறிஸ்மஸ் தீவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவசரமும் இதில்தான் குறைவு, பின்னால் வருகிறேன்.

கப்பலே போன கதையும் உண்டு. 2024 பிப்ரவரியில் செங்கடல் அருகே ஏமனின் ஹூதி படையினர் அடித்த ரூபிமார் என்ற கப்பல் மார்ச் மாதத் தொடக்கத்தில் மூழ்கியது, அதில் இருந்தது சுமார் 21,000 டன் உரம்.

### வலி எப்போது தெரியும்

நெல்லுக்கோ மக்காச்சோளத்துக்கோ நைட்ரஜனைக் குறைத்தால் அதே பருவத்தில் விளைச்சல் விழும். உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருடைய சாப்பாடு செயற்கை நைட்ரஜனால் விளைகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் உரத் தட்டுப்பாடு என்றதும் உணவுப் பஞ்சம் என்ற பேச்சு வருகிறது. முதலில் அடி வாங்குவது ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் கடனுக்கு உரம் வாங்குகிற சின்ன விவசாயி. அவன் இந்த மாதம் ஒரு மூட்டை குறைத்தால் அடுத்த அறுவடையில் சந்தைக்கு வரும் தானியம் குறையும். நம் ஊர்க் கோழி தின்னும் மக்காச்சோளம் பெரும்பாலும் பிரேசில், அர்ஜென்டினாவிலிருந்து வருவது. 2022-ல் தீவன விலை ஏறிக் கோழிக்குத் தட்டுப்பாடு வந்ததும், ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தி சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்களைக் கலங்க வைத்தது ஞாபகம் இருக்கும்.

செம்பனை அப்படி உடனே காட்டாது. ஒரு பூங்குலை ஆணா பெண்ணா என்பது குலை பழுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடுகிறது, மரம் வாடினால் பழம் தராத ஆண் பூதான் அதிகம் வரும். அதனால் இந்த வருஷம் உரத்தை நிறுத்தினவருக்கு இந்த வருஷம் ஒன்றும் ஆகாது. "பாத்தியா, உரம் போடாமலே குலை வருது" என்று காப்பிக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். குலை குறையும்போது எதனால் குறைந்தது என்றே மறந்துபோயிருக்கும்.

### மண், மரத்தின் வயது, ஆள் கூலி

மண்தான் இதில் பெரியது. பாகான் டத்தோ, கோலா சிலாங்கூர் மாதிரிக் கடலோரக் களிமண்ணில் பொட்டாஷும் மெக்னீசியமும் இயல்பிலேயே நிறைய உண்டு. நம் பக்கம் உள்ளூர்ச் செம்மண், மேட்டு நிலம் எல்லாம் இதில் ஏழை. கம்புட் (மக்கிய தாவரச் சதுப்பு) நிலம் என்றால் பொட்டாஷுக்கு இன்னும் பசி, செம்பும் துத்தநாகமும் வேறு கேட்கும். அதனால் தெலுக் இந்தானில் இருக்கும் மச்சான் பொட்டாஷைக் குறைத்தும் குலை நன்றாக வருகிறது என்று சொல்வதைக் கேட்டு சுங்கை சிப்புட் மேட்டில் அதையே செய்யக் கூடாது.

மூன்று நாலு வயதுக்கு உட்பட்ட கன்றுக்கு உரத்தைக் குறைக்கவே கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆள் கூலியை ஒவ்வொரு வழியிலும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கில் எல்லோரும் விடுவது அதைத்தான்.

## வழி 1: வழக்கமான கலவை உரம், முழு அளவு

கடையில் 12-12-17-2 என்று எழுதிய மூட்டை. ஒரு சுற்றில் வேலை முடியும், கணக்கு வேண்டாம், யாரை அனுப்பினாலும் தவறு நடக்காது. வயதானவர்கள், வாரக் கடைசியில் மட்டும் நிலத்துக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் 50 கிலோ மூட்டைக்குள் இருப்பதைப் பாருங்கள்: நைட்ரஜன் 6 கிலோ, பாஸ்பேட் 6 கிலோ, பொட்டாஷ் 8.5 கிலோ, மெக்னீசியம் 1 கிலோ. காய்க்கிற செம்பனைக்கு நைட்ரஜனுக்குச் சமமாகப் பாஸ்பேட் தேவையில்லை. சாதாரண வருஷத்தில் இந்த அதிகப்படியை யாரும் கவனிப்பதில்லை, விலை இரண்டு மடங்கு ஆன வருஷத்தில் தேவையில்லாத பாஸ்பேட்டுக்கும் இரண்டு மடங்கு கொடுக்கிறோம்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, வாங்கும் நேரம். 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது, உக்ரைன் சூரியகாந்தி எண்ணெய் வராமல் போனதும் அதற்கு ஒரு காரணம். பழம் நல்ல விலை போகிறதே என்று ஏறின விலையில் உரத்தை ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. சில மாதத்துக்குள், இந்தோனேசியா ஏற்றுமதித் தடையைப் போட்டு எடுத்த பிறகு, எண்ணெய் 4,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. உர விலை இறங்க அதைவிட அதிக நாள் பிடித்தது.

எப்போது இது சரி: கன்று நிலம், ஆள் கிடைக்காத நிலம், பழ விலையும் நன்றாக இருக்கும் வருஷம்.

## வழி 2: தனித்தனி உரமாக வாங்குவது

நைட்ரஜனுக்கு யூரியா அல்லது அம்மோனியம் சல்பேட், பொட்டாஷுக்கு எம்ஓபி, பாஸ்பேட்டுக்குப் பாறை பாஸ்பேட், மெக்னீசியத்துக்குக் கீசரைட். தோட்டங்களில் பல காலமாக இப்படித்தான், பழைய கிராணிகளை (தோட்டக் கணக்கர்களை) கேட்டால் ஃபீல்டு வாரியாகக் கணக்குச் சொல்வார்கள்.

மேலே சொன்ன ஒரு கலவை மூட்டைக்குச் சமமாக வேண்டுமென்றால் யூரியா 13 கிலோ, எம்ஓபி 14 கிலோ, பாறை பாஸ்பேட் 20 கிலோ, கீசரைட் 4 கிலோ. கூட்டினால் 51 கிலோ, அதே எடைதான். ஆனால் இந்த வருஷம் பாஸ்பேட் வேண்டாம் என்று முடிவெடுத்தால் 31 கிலோவில் வேலை முடிந்தது. கலவை மூட்டையில் அந்தச் சுதந்திரம் இல்லை.

விலையை மூட்டைக்கு மூட்டை ஒப்பிடாதீர்கள், சத்துக்குச் சத்து ஒப்பிடுங்கள். ஒரு பேச்சுக்கு யூரியா மூட்டை 100 ரிங்கிட், அம்மோனியம் சல்பேட் மூட்டை 50 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் இரண்டாவது பாதி விலை. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், ஆக மூட்டையில் 23 கிலோ, கிலோ 4.35 ரிங்கிட். அம்மோனியம் சல்பேட்டில் 21 சதவீதம், ஆக 10.5 கிலோ, கிலோ 4.76. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது: யூரியாவைக் காய்ந்த தரையில் வெயிலில் வீசினால் நைட்ரஜனில் நல்ல பங்கு காற்றோடு போய்விடும், சல்பேட் அப்படிப் போகாது, பதிலுக்கு மண்ணில் அமிலத்தைக் கூட்டும். மண் ஈரமாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போட முடிகிறவருக்கு யூரியா, கிடைத்த நாளில் ஆளைப் பிடித்துப் போடுகிறவருக்கு சல்பேட்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் சுற்றில். ஏக்கருக்கு 55, 60 மரம், ஐந்து ஏக்கருக்கு 280 மரம் என்றால் ஒவ்வொரு உரத்துக்கும் 280 மரத்தையும் ஒரு தடவை சுற்ற வேண்டும். கலந்து போடலாமே என்றால் யூரியாவும் எம்ஓபியும் சேர்ந்தால் ஈரத்தை இழுத்துக் கூழாகும், கலந்த அன்றைக்கே போட்டுவிட வேண்டும், கொட்டகையில் வைத்தால் அடுத்த வாரம் மண்வெட்டியால் உடைக்க வேண்டியதுதான். கூலி கொடுத்துச் செய்தால் மிச்சத்தில் பாதி போய்விடும். வீட்டு ஆட்களே செய்தால் நாலு வழியிலும் பணத்துக்கு அதிகம் தருவது இதுதான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எப்போது இது சரி: நன்றாகக் காய்க்கும் எட்டு முதல் பதினெட்டு வயது மரம், கையில் நேரம், ஓரளவு கணக்குப் போடும் பொறுமை.

## வழி 3: ஒரு வருஷம் குறைப்பது அல்லது நிறுத்துவது

இதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம், சில இடத்தில் இதுதான் புத்திசாலித்தனம். மறுநடவுக்கு ஓரிரு வருஷம் இருக்கும் கிழட்டு மரத்துக்குத் தோட்டங்களே உரத்தை நிறுத்திவிடும். போன வருஷங்களில் முறையாகப் போட்டு வந்த நிலத்தில் பாஸ்பேட்டை ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூடத் தள்ளலாம், அது மண்ணில் தங்கியிருக்கும். கடலோரக் களிமண்ணில் பொட்டாஷையும் தள்ளலாம்.

செம்மண் மேட்டில் பொட்டாஷை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை மட்டைகள் சொல்லும். கீழ்மட்டை இலைகளில் ஆரஞ்சுப் புள்ளி புள்ளியாக வந்து பிறகு ஒன்றோடொன்று சேரும். மெக்னீசியக் குறைவு இதிலிருந்து வித்தியாசம்: வெயில் படும் இலை மஞ்சளாகும், வேறு இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக நிற்கும். இதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்போது மரம் ஏற்கனவே பின்தங்கிவிட்டது. திரும்பப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஒரு வருஷத்து உரம் போதாது, அடுத்த ஆண்டுகளில் கூடுதலாகப் போட வேண்டிவரும், அப்போது விலை இறங்கியிருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அரைகுறையாக நிறுத்துகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று: பொட்டாஷ் விலை கூடிவிட்டது என்று அதை விட்டுவிட்டு, கிடைக்கிற யூரியாவை மட்டும் வாரிப் போடுவது. மரம் கரும்பச்சையாகப் பார்க்க அழகாக இருக்கும், குலை சிறுத்துவிடும்.

எப்போது இது சரி: மறுநடவு நெருங்கிய நிலம், கடலோரக் களிமண், பல வருஷம் ஒழுங்காக உரம் கண்ட நிலம். குத்தகைக்கு எடுத்துப் போன வருஷமே யாரும் உரம் போடாத நிலத்துக்கு வேண்டவே வேண்டாம்.

## வழி 4: கோழி எருவும் வெற்றுக் குலையும்

கோழி எருவில் நைட்ரஜன் சாதாரணமாக 2, 3 சதவீதம். ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் 23 கிலோ நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஒரு டன் எரு வேண்டும். லோரி வாடகை, இறக்குகிற கூலி, மரத்துக்கு மரம் தள்ளுவண்டி. பதப்படுத்தாத எரு என்றால் ஈ வரும், பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) நகராட்சிக்குப் புகார் போகும். மண்ணுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முழு உரத்துக்கும் பதிலாக இதை மட்டும் நம்புவது வேறு. இலங்கையில் 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்துவதாக அறிவித்தார்கள். நவம்பருக்குள் பின்வாங்க வேண்டியதாயிற்று. அதற்குள் நெல்லும் விழுந்தது, தேயிலையும் விழுந்தது. மலையகத் தோட்டங்களில் கிலோக் கணக்குக்குக் கொழுந்து பறிப்பவர்கள் நம் ஆட்கள்தான், கொழுந்து குறைந்தால் யார் கூலி குறையும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வெற்றுக் குலை எனக்குப் பிடித்த வழி, கிடைத்தால். ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சுவது, அனுப்பிய குலை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஒரு டன் வெற்றுக் குலையில் சுமார் 19 கிலோ எம்ஓபிக்குச் சமமான பொட்டாஷ் இருக்கிறது, யூரியா கணக்கில் 7 கிலோ. ஏக்கருக்கு 16 டன் பரப்பினால் 300 கிலோ எம்ஓபி, அதாவது ஆறு மூட்டை. பெலாரூஸிலிருந்து கப்பல் வராத வருஷத்தில் நம் ஊர் ஆலை வாசலில் கிடக்கும் பொட்டாஷ் இது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இந்தச் சத்து நம் நிலத்திலிருந்து போனதுதான். ஆலை வைத்திருக்கும் பெரிய தோட்டம் தன் குலையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நாம் பழம் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறோம், அப்புறம் அதே பொட்டாஷை டாலர் விலையில் வாங்குகிறோம். பழம் எடுக்கும் லோரி திரும்பும்போது கொஞ்சம் வெற்றுக் குலை ஏற்றி வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்டால் நடக்காது, பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ஒருவேளை நடக்கும். பரப்பும்போது குவியலாகப் போடாமல் ஒரே அடுக்காகப் போடுங்கள், குவித்தால் காண்டாமிருக வண்டு குடியேறி அடுத்த நிலத்துக் கன்றையும் குடையும்.

எப்போது இது சரி: ஆலை பக்கத்தில், லோரி உள்ளே வரும் பாதை, மணல் அல்லது ஏழை மண்.

## ஒரு பார்வையில்

| | கைப்பணம் | ஆள் வேலை | வலி எப்போது | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| கலவை உரம் | மிக அதிகம் | குறைவு | உடனே, பையில் | கன்று நிலம், ஆள் இல்லாதவர் |
| தனி உரம் | நடுத்தரம் | அதிகம் | தவறாகப் போட்டால் மட்டும் | நடுவயது மரம் |
| குறைப்பது, நிறுத்துவது | மிகக் குறைவு | இல்லை | ஒன்று, இரண்டு வருஷம் கழித்து | கிழட்டு மரம், கடலோரக் களிமண் |
| எரு, வெற்றுக் குலை | லோரியைப் பொறுத்தது | மிக அதிகம் | முதல் வாரம், முதுகில் | ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர் |

## நான் என்றால்

சுங்கை சிப்புட் மேட்டு நிலம், பத்து வயது மரம், ஐந்து ஏக்கர். வருஷத்துக்கு மரத்துக்கு எட்டு கிலோ என்ற பழைய கணக்கில் 45 மூட்டை கலவை ஆகும். நான் தனித்தனி உரமாக வாங்கி, பாஸ்பேட்டை இந்த வருஷம் விட்டுவிடுவேன், எம்ஓபியில் கைவைக்க மாட்டேன், நைட்ரஜனைக் கால் பங்கு குறைப்பேன், மட்டைகளை வரிசைக்கு நடுவில் ஒழுங்காக அடுக்குவேன், ஏனென்றால் அதிலும் பொட்டாஷ் இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை. வெற்றுக் குலை ஒரு லோரி கிடைத்தால் மண் வெளுத்த மூலைக்கு முதலில்.

கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் அதில் இன்னொரு மூட்டை வாங்காமல் இலைச் சோதனை செய்யுங்கள். 17-ஆவது மட்டையின் நடுப்பகுதி இலையைத்தான் எடுக்க வேண்டும், கண்ணில் பட்ட மட்டையை வெட்டிக் கொடுத்தால் முடிவுக்கு அர்த்தம் இல்லை. எம்பிஓபியின் (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின்) துனாஸ் என்ற ஆலோசனை அதிகாரியைக் கேட்டால் எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது என்று சொல்வார்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் கலப்பட உரமும் சேர்ந்தே வரும். எம்ஓபி என்றால் 60 சதவீதம் பொட்டாஷ் (K2O), கீசரைட் என்றால் 26, 27 சதவீதம் மெக்னீசியம் ஆக்சைடு (MgO) என்று மூட்டையில் அச்சடித்திருக்க வேண்டும். சந்தை விலைக்கு ரொம்பக் கீழே யாராவது லோரியோடு வீட்டுக்கே வந்து நின்றால், ரசீது கேளுங்கள்.